ஸஹர் நேரத்தில் உறங்கிவிடும் கைப்பேசி

நீலகிரியில் பள்ளிவாசல் ஓரிடத்திலும் அதன் மஹல்லா பல இடங்களிலுமாக இருக்கும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பள்ளிவாசல்கள் பெரும்பாலும் கடைவீதியை ஒட்டி அமைந்திருக்க, குடும்பங்களோ சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இடையில் ஒரு குன்று நின்றால் போதும். பாங்கொலி அப்பால் செல்லாது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் சூரியன் எங்கே நிற்கின்றது என்பதே தெரியாமல் நாட்கள் கழிவதும் உண்டு.

சமவெளி ஊர்களில், ரமளான் இரவுகளில் தாயிரா கொட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்து ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். தேயிலைச் செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் நடுநிசியில் யார் வருவார்? சாவி கொடுக்கும் டைம்பீஸ் ஒன்றே நெடுங்காலம் இங்குத் துணையாக இருந்தது. இப்போது அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு ஐவேளைத் தொழுகையின் நேரங்களையும் கணக்கிட்டு, உரிய நொடியில் பாங்கை ஒலிக்கச் செய்யும் செயலிகள் பல வந்துள்ளன. இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆனால் நம்பி வைத்த பாங்கு ஒலிக்காமற்போகின்றது என்னும் முறையீடும் சில ஆண்டுகளாகவே நம் இல்லங்களில் கேட்டுக்கொண்டிருக்கின்றது. ஒரு நாள் ஒலிக்கும். மூன்று நாள் ஒலிக்காது. கையிலெடுத்துப் பார்த்தவுடன், அரைமணி நேரம் கடந்தபின், திடீரென்று ஒலிக்கும். செயலியைக் குறை கூறுவோர் உண்டு. கைப்பேசியை விற்ற கடைக்காரரோடு சண்டையிடுவோரும் உண்டு. பழுது இருப்பதோ இவ்விரண்டுக்கும் நடுவே, இயங்குதளம் என்னும் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில்.

மருமகள் மீது விழுந்த பழி

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நிகழ்ந்தது இது. ஒரு லயன் வீட்டில் வயது முதிர்ந்த தாயார், மகன், மருமகள், இரு குழந்தைகள். ரமளானின் முதல் வாரத்தில் மூன்று இரவுகள் தொடர்ந்து ஸஹர் தப்பிவிட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல கைப்பேசி. அது மருமகளின் தலைமாட்டில் இருக்கும். "பிள்ளை தூக்கத்திலே அதை அணைச்சிட்டுத் திரும்பிப் படுத்துக்கிறா, ஹஜரத். கேட்டா இல்லேங்கிறா" என்று அந்தத் தாயார் என்னிடம் வந்து சொன்னபோது அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. நீரிழிவு நோய்க்கு மருந்து உண்பவர். நோன்பு நோற்பதற்கு, ஸஹரில் தவறாமல் உண்ண வேண்டுமென்ற நிபந்தனையோடுதான் மருத்துவர் இசைவு தந்திருந்தார். மருமகளோ, "மாமி, நான் அதைத் தொடவே இல்லை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அழுதிருக்கின்றாள் என்பது முகத்தில் தெரிந்தது.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். செயலியில் எல்லா நேரங்களும் சரியாகவே பதிந்திருந்தன. ஒலியும் குறைக்கப்படவில்லை. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கின்றார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி இது: "ஹஜரத், அவங்க ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, திறந்திருக்கிற செயலிகளை எல்லாம் தள்ளி மூடிவிடுவாங்களா?" ஆம். மருமகள் ஒவ்வோர் இரவும் அவ்வாறே செய்து வந்தாள். அடுப்பை அணைத்து, கதவைத் தாழிட்டு, கைப்பேசியையும் துடைத்து வைப்பது போல அதையும் ஓர் ஒழுங்காகக் கருதியிருந்தாள்.

ஆண்ட்ராய்டின் மூல அமைப்பில், செயலியை இவ்வாறு ஒதுக்கித் தள்ளுவதால் அது குறித்து வைத்த அலாரம் அழிவதில்லை. ஆயினும் சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் இந்தத் தள்ளுதல், 'வலிந்து நிறுத்துதல்' என்னும் கடுமையான செயலுக்குச் சமமாக ஆக்கப்பட்டுவிடுகின்றது. வலிந்து நிறுத்தப்பட்ட செயலியின் அலாரங்கள் யாவும் நீக்கப்படும். மறுபடி யாரேனும் திறக்கும்வரை அது செத்ததற்குச் சமம். இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் திரையில் வருவதில்லை. தாயாருக்கு இதனை இரண்டு முறை விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, மருமகளின் பக்கம் திரும்பி, "டீ போட்டுக் கொண்டா" என்றார். அதுவே சமாதானம்.

மின்கலத்தைக் காப்பாற்றும் வெறி

இந்நிலை ஏன் வந்தது? கைப்பேசியின் பேட்டரி ஒரு நாள் தாங்கவில்லை என்பதே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எல்லோருடைய குறையாகவும் இருந்தது. செயலிகள் திரைக்குப் பின்னால் ஓயாமல் இயங்கி மின்சாரத்தைத் தின்றன. எனவே 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் 6ஆம் பதிப்பில், கூகுள் நிறுவனம் 'டோஸ்' என்னும் ஏற்பாட்டைப் புகுத்தியது. சார்ஜரில் இணைக்கப்படாமல், திரை அணைந்து, அசைவற்று வைக்கப்பட்டுள்ள கைப்பேசி மெல்ல ஆழ்ந்த உறக்கத்திற்குச் செல்லும். சாதாரண அலாரங்கள் அவ்வப்போது திறக்கும் சிறு இடைவெளிகளுக்குத் தள்ளி வைக்கப்படும். 2017இன் 8ஆம் பதிப்பில் பின்னணி இயக்கத்திற்கு மேலும் தடைகள் வந்தன. 2018இன் 9ஆம் பதிப்பு, பயன்பாட்டைப் பொறுத்துச் செயலிகளை வகை பிரித்தது.

இவையெல்லாம் எழுதி வைக்கப்பட்ட விதிகள். கடிகாரம் போன்ற செயலிகளுக்கு அவற்றில் முறையான விலக்கும் உண்டு. விதியைப் படித்து அதற்கேற்ப எழுதினால் பாங்கு உரிய நொடியில் ஒலிக்கும். தொல்லை இங்கில்லை. ஆண்ட்ராய்டை எடுத்துத் தம் விருப்பப்படி மாற்றி விற்கும் நிறுவனங்கள், அவ்விதிகளுக்கு மேல் தாமும் சில கத்திகளைத் தொங்கவிட்டன. அவற்றுக்கு முறையான ஏடு எதுவும் இல்லை. நம் நாட்டில் மிகுதியாக விற்கும் கைப்பேசிகளில் 'ஆட்டோஸ்டார்ட்' என்றொரு தனி அனுமதி உண்டு. சில நாட்கள் தொடாத செயலியை 'உறங்கும் செயலி' என்று பட்டியலிடும் வகையும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பெரிய செயலிகள் மட்டும் பல கைப்பேசிகளில் இத்தடைகளிலிருந்து பிறவியிலேயே விலக்குப் பெற்று வருகின்றன. சிறியவன் எழுதியது வாயிலிலேயே நிற்கும்.

தொழுகை நேரச் செயலியின் தன்மையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அது யாரும் திறந்து பார்க்க வேண்டாத செயலி. தானாக ஒலித்துவிட்டால் திறப்பதற்குத் தேவையே இல்லை. கைப்பேசியோ, திறக்கப்படாததை எல்லாம் வேண்டாதது என்று முடிவு கட்டுகின்றது. நன்றாகப் பணி செய்தவனைத்தான் முதலில் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள்!

செக் நாட்டில் உறக்கம், அலாரம் தொடர்பான 'ஸ்லீப் அஸ் ஆண்ட்ராய்டு' என்னும் செயலியை உருவாக்கிய 'அர்பன்ட்ராய்டு' குழுவினர், பயனாளர்களின் ஏச்சுக்கு ஆளாகிச் சலித்துப்போய், எந்த நிறுவனத்தின் கைப்பேசி செயலிகளை எவ்வளவு கடுமையாகக் கொல்கின்றது என்று தரவரிசை செய்து வெளியிட்டனர். 'என் செயலியைக் கொல்லாதே' என்பதே அந்த முயற்சிக்கு அவர்கள் ஆங்கிலத்தில் இட்ட பெயரின் பொருள். ஒரு கட்டத்தில் முதலிடத்தில், அதாவது மிக மோசமான இடத்தில், நோக்கியா இருந்தது. அப்பெயரில் கைப்பேசி விற்ற எச்.எம்.டி. நிறுவனம் 2019இல் அந்த வன்மையான பேட்டரிக் காவலனைக் கைவிட்டது. பொதுவெளியில் பெயர் சொல்லிக் காட்டிய பின்புதான் அசைந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்க.

2023இல் கூகுளும் சாம்சங்கும் ஓர் அறிவிப்புச் செய்தன. 14ஆம் பதிப்பிற்கென எழுதப்படும் செயலிகளின் முன்னணிச் சேவைகள், சாம்சங்கின் 'ஒன் யுஐ 6.0'வில் விதிப்படி இயங்கும் என்பது அதன் சாரம். விதிப்படி இயங்கும் என்பதையே ஒரு வாக்குறுதியாகத் தர வேண்டிய நிலை! அதே 14ஆம் பதிப்பு, துல்லியமான நேரத்தில் ஒலிப்பதற்கான அனுமதியைப் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்குத் தானாகத் தருவதை நிறுத்திவிட்டது. பயனாளரே அமைப்புகளுக்குள் சென்று 'அலாரம்ஸ் அண்டு ரிமைண்டர்ஸ்' என்பதை இயக்க வேண்டும். லயன் வீட்டுத் தாயார் இதை எங்கே கண்டுபிடிப்பார்?

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

இது ஏதோ இலவசச் செயலிகளின் சில்லறைத் தொல்லை என்று எண்ணிவிடலாகாது. கொரோனா பரவிய 2020 ஜூனில், நோயாளியின் அருகிலிருந்தவர்களை எச்சரிப்பதற்காக ஜெர்மனி அரசு ஒரு செயலியை வெளியிட்டது. எஸ்.ஏ.பி., டாய்ச்சே டெலிகாம் என்னும் இரு பெரும் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது அது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்ட அச்செயலி, சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பேட்டரிச் சிக்கன ஏற்பாட்டினால் பின்னணியில் உறங்கிக் கிடந்தது என்பது ஜூலை மாதத்தில்தான் வெளியாயிற்று. அரசும் இரு பெரும் நிறுவனங்களும் சேர்ந்தே தப்ப முடியவில்லையென்றால், கோவையில் இரவில் கண்விழித்து எழுதும் ஓர் இளைஞரின் பாடு என்ன?

ஐபோன் வைத்திருப்போர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டின் முதல் இரு நாட்களில், ஒரு தடவைக்கென வைத்த அலாரங்கள் ஐபோன்களில் ஒலிக்காமற்போயின. மூன்றாம் நாள் தாமாகவே சரியாயின. 2024இலும், அலாரம் ஓசையின்றிக் கடந்துபோகின்றது என்ற முறையீடு எழுந்து, ஆப்பிள் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு திருத்த முனைந்தது. ஆண்ட்ராய்டிலோ, 2010ஆம் ஆண்டின் நடுவில், அனுப்பிய குறுஞ்செய்தி வேறொருவருக்குச் சென்றுவிடுகின்றது என்ற குறை பதிவாயிற்று. அடுத்த ஆண்டு சனவரி வரை திருத்தம் வரவில்லை. கணவனுக்கு எழுதியது கடைக்காரருக்குப் போனால் என்னாகும் என்பதை இல்லத்தரசிகளே கற்பனை செய்துகொள்ளலாம்.

எழுத்துக்கே நேர்ந்த நெடுங்காலக் குறை ஒன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு 2008இல் விற்பனைக்கு வந்த பின் சில ஆண்டுகள் வரை, பல கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. அல்லது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தது. 'ஒபேரா மினி' என்னும் உலாவியின் மறைவான அமைப்பொன்றை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தவர்கள் நம்மில் பலர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' போன்ற முயற்சிகளே கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தன. அரபு எழுத்துக்கும் இதே கதிதான்: ஆரம்பப் பதிப்புகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நின்றன. வலமிருந்து இடமாகத் திரையமைப்பு முழுவதையும் தரும் வசதி 2012இன் 4.2ஆம் பதிப்பில்தான் வந்தது. திருக்குர்ஆனில் ஓர் எழுத்து பிசகலாமா? எனவே 'குர்ஆன் ஃபார் ஆண்ட்ராய்டு' போன்ற செயலிகள் முஸ்ஹஃபின் பக்கங்களை உள்ளபடியே படங்களாகத் தந்தன. தளம் எப்படிச் சொதப்பினாலும் படத்தில் உள்ள எழுத்து பிசகாது.

எழுதுகின்றவரின் நிலை

என் மாணவர், தம் மஹல்லா ஜமாஅத்துக்காகத் தொழுகை நேரச் செயலியொன்றைக் கூலியின்றி எழுதிக் கொடுத்தவர். "பாங்கு வரவில்லை. ஏமாற்று வேலை" என்று ஒற்றை நட்சத்திரம் இட்டு ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். அவர் என்ன செய்ய முடியும்? வெவ்வேறு நிறுவனங்களின் நான்கு பழைய கைப்பேசிகளை விலைக்கு வாங்கி, இரவில் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுத் தூங்குகின்றார். பஜ்ருக்கு எழுந்து எது ஒலித்தது, எது ஒலிக்கவில்லை என்று ஏட்டில் குறிக்கின்றார். செயலி உயிரோடிருக்கின்றது என்று காட்டுவதற்காகத் திரையின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பை எப்போதும் நிறுத்தி வைத்திருக்கின்றார். அதைத் தொல்லையென்று கருதிச் சிலர் அணைத்துவிடுகின்றனர். அணைத்தவர்களே பாங்கு வரவில்லையென்று எழுதுகின்றனர். தளத்தை உருவாக்கியவர் கைப்பேசி நிறுவனத்தைக் காட்டுகின்றார். கைப்பேசி நிறுவனம் செயலியைக் காட்டுகின்றது. காட்டுவதற்கு வேறெவரும் இல்லாதவர் செயலியை எழுதியவரே.

நிறுவனங்கள் இதைத் திருத்துவதில் ஆர்வம் காட்டாததற்குக் காரணம் எளியது என்பது என் கருத்து. இரண்டு நாள் பேட்டரி தாங்கும் என்பது விளம்பரத்தில் அச்சாகும். ஒருவர் ஸஹர் தப்பியது எந்த விளம்பரத்திலும் எந்தக் கணக்கிலும் வராது.

வால்பாறையில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே யானைகளின் நடமாட்டத்தை முன்கூட்டித் தெரிவிப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 'இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை'யைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமார் முன்னின்று நடத்திய அப்பணிக்காக, 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. அதில் மக்களைச் சென்றடைவது குறுஞ்செய்தி, தமிழில் பேசும் தொலைபேசி அழைப்பு, கைப்பேசி வழியாக ஏற்றப்படும் சிவப்பு விளக்கு ஆகியவை. குறுஞ்செய்தியையும் அழைப்பையும் எந்தப் பேட்டரிச் சிக்கனமும் கொல்வதில்லை; பொத்தான் வைத்த பழைய கைப்பேசிக்கும் அவை வரும். 2023இல் நம் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறிய பேரிடர் எச்சரிக்கைச் சோதனையும் அத்தகையதே. அது செல்போன் கோபுரத்திலிருந்து நேரே வருவது, செயலியை நம்பியதன்று. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவான அவலாஞ்சி நம் மாவட்டத்தில்தான் உள்ளது. மழை எச்சரிக்கைக்குச் செயலி மட்டும் போதும் என்று இருந்துவிடலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மலையில் இருப்போர் செய்ய வேண்டியது

சமவெளியைவிட மலையில் இப்பழுது மிகுவதற்குக் காரணங்கள் உண்டு. பள்ளத்தாக்கில் சிக்னல் மெலிவாக இருக்கும். கோபுரத்தைத் தேடித் தேடியே கைப்பேசி பேட்டரியைத் தீர்க்கும். மார்கழி, தை மாதங்களின் உறைபனி இரவுகளில் பேட்டரியின் வலுவும் குன்றும். அளவு குறைந்ததும் பல கைப்பேசிகள் தாமாகவே சிக்கன நிலைக்குச் சென்று செயலிகளை மேலும் நெருக்கும். மின்வெட்டில் கைப்பேசி முற்றிலும் அணைந்து, பின் உயிர் பெற்றால், முன்பு குறித்த அலாரங்கள் யாவும் நினைவிலிருந்து அழிந்திருக்கும். செயலி தானே விழித்து அவற்றை மறுபடி குறிக்க வேண்டும். ஆட்டோஸ்டார்ட் அனுமதி இல்லையேல் அதற்கும் வழியில்லை. கைப்பேசியைப் பூட்டுத் திறக்கும்வரை பெரும்பாலான செயலிகள் விழிப்பதேயில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும். நள்ளிரவில் தானாக நிகழும் மென்பொருள் புதுப்பித்தலும் இதே விளைவைத் தரும்.

ஆகவே வீட்டில் படித்த பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, அமைப்புகளில் செயலிகள் என்னும் பகுதியில் தொழுகைச் செயலியைத் திறந்து, பேட்டரி என்பதில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஆட்டோஸ்டார்ட் இருந்தால் இயக்கச் சொல்லுங்கள். மேலே கூறிய அலாரம் அனுமதியும் தேவை. அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையில், அச்செயலிக்குப் பூட்டுக் குறி இடும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. இட்டுவிட்டால் மொத்தமாகத் தள்ளும்போதும் அது மூடப்படாது. பெரிய புதுப்பித்தல் வந்தபின் இவற்றை மறுமுறை பார்க்க வேண்டும். சில சமயம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. மாத்திரை, இன்சுலின் நேரங்களை நினைவூட்டும் செயலிகளுக்கும் இவை யாவும் பொருந்தும். அவற்றில் ஒரு வேளை தப்பினால் விளைவு வேறு.

ஸஹருக்கு மட்டும், கைப்பேசியோடு பிறந்த கடிகாரத்திலேயே ஓர் அலாரம் தனியாக வைத்துக்கொள்வது நலம். தன் கடிகாரத்தை எந்த நிறுவனமும் கொல்வதில்லை. கோத்தகிரித் தோட்டத்து வீட்டில் இப்போது அவ்வாறே செய்கின்றனர்; போதாதென்று அத்தாயார் பெட்டியிலிருந்த பழைய டைம்பீஸையும் வெளியே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். அது நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடுகின்றதாம். "முந்தினா பரவாயில்லை, ஹஜரத்" என்கிறார்.

சோதித்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜரில் இணைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். கைப்பேசி அப்போது ஆழ்ந்த உறக்கத்திற்குச் செல்வதில்லை. கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்திற்கு அலாரம் வைத்துப் பார்ப்பதும் பயனற்றது. இஷாவுக்குப் பின் சார்ஜரிலிருந்து எடுத்து, அலமாரியின் மேல் அசையாமல் வைத்து, விடியும்வரை யாரும் தொடாமலிருந்து, பஜ்ருடைய பாங்கு ஒலிக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஷஅபானிலேயே இரண்டு மூன்று இரவுகள் இதைச் செய்துவிட்டால், ரமளானின் முதல் இரவில் வீட்டில் யாரும் யார் மீதும் பழி சொல்ல நேராது.